ஏரியில் எழுந்த ஓரெழுத்து ஊர்: தியாகராய நகரின் பெயர் வரலாறு

சென்னையில் தியாகராய நகரை முழுப்பெயர் சொல்லி அழைப்பவர் அரிது. பேச்சில் அது டி.நகர், பேருந்தின் நெற்றியில் தி.நகர். சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலும் அரசு ஆவணங்களிலும்தான் முழுப்பெயர் வருகிறது. அதைச் சொல்ல முற்படுவோரிலும் பலர் 'தியாகராஜ நகர்' என்று சொல்லி, திருவையாற்று இசைமேதையின் நினைவாக அமைந்த ஊர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். நடுவே இருக்கும் பூங்காவுக்குப் பெயர் பனகல். பெரிய கடைத்தெருவுக்குப் பெயர் பாண்டி பஜார். ரயிலில் வருபவர் இறங்கும் நிலையத்துக்குப் பெயர் மாம்பலம். புதிதாக வருபவருக்கு இவற்றில் எதுவும் எதனோடும் ஒட்டாது. மாம்பலம் ஒன்றே பழைய கிராமத்தின் பெயர். மற்றவை அனைத்தும் ஒரே அரசியல் இயக்கத்தின் வழியாக இங்கே வந்து சேர்ந்தவை. அந்தப் பெயர்கள் எழுதப்பட்ட நிலமோ 100 ஆண்டுகளுக்கு முன்பு வரை தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

இன்றைய அண்ணா சாலையாகிய மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டை வரை ஐந்தாறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஏரி வளைந்து கிடந்தது. அதன் வடபகுதியை நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தென்பகுதியை மயிலாப்பூர் ஏரி என்றும் அழைத்தார்கள். இரண்டும் சேர்ந்த நீர்ப்பரப்புக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'லாங் டேங்க்'. பழைய சென்னை வரைபடங்களில் நகரத்தின் மேற்கு எல்லையே இந்த ஏரிதான். அதற்கு அப்பால் மாம்பலமும் கோடம்பாக்கமும் செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள்.

தொண்டை மண்டலத்தின் மற்ற ஏரிகளைப் போலவே இதுவும் மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்குக் கொடுத்த ஏரி. நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் கிழக்குப் பக்கத்தில் கரை. கரைக்குக் கீழே வயல்கள். நிறைந்தபின் மிஞ்சும் நீர் தெற்கே அடையாற்றில் போய் விழும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மவுண்ட் ரோடின் இருபுறமும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வணிகர்களும் பெரிய தோட்ட பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். வயல் தோட்டமாயிற்று. ஏரியின் பாசனப் பயன் குறைந்தது. அந்த பங்களாக்களில் சிலவற்றின் பின்கட்டிலிருந்து பார்த்தால் ஏரிதான் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இந்த ஏரியில் படகுப் போட்டிகூட நடந்திருக்கிறது. இன்று புடவைக்கடைகளுக்கு நடுவே நடப்பவருக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கலாம். ஆனாலும் அந்த நீர்ப்பரப்பு எவ்வளவு பெரியது என்பதை உணர்த்த இதைவிட நல்ல சான்று இல்லை.

ஏரியை வற்றவைத்து ஊராக்கும் எண்ணம் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் வலுப்பெற்றது. ஜார்ஜ் டவுன் நெரிசலால் பிதுங்கிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோயிலைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர்கள். அங்கே புதிதாக வருவோருக்கு மனை கிடைப்பது கடினம். அரசு அலுவலர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள் என்று ஒரு நடுத்தர வகுப்பு பெருகி, இருக்க இடம் தேடியது. ஆங்கிலேய நகரமைப்பு வல்லுநர் எச்.வி. லான்செஸ்டர் சென்னைக்கு வந்து ஆராய்ந்து, 1918-ல் சென்னையின் நகரமைப்பைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பம்பாய் 1915-லேயே நகரமைப்புச் சட்டம் இயற்றியிருந்தது. சென்னை மாகாணம் 1920-ல் தன் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தின் பலத்தில், 1923 முதல் மாம்பலம் வீடமைப்புத் திட்டம் செயலுக்கு வந்தது. தண்ணீரை வடித்து, பள்ளங்களை நிரவி, தெருக்களை முதலில் போட்டு, அதன்பின் மனைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். சென்னையில் அதுவரை பெரும்பாலும் வீடுகள் முன்னே வந்தன. தெரு பின்னால் நெளிந்து வளைந்து வழிதேடிக்கொண்டது. இங்கே வரைபடம் முன்னே வந்தது. நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், சாலைகளுக்கு இடையே ஒழுங்கான குறுக்குத் தெருக்கள் என்று அந்த வரைபடம் இன்றும் மாறாமல் இருக்கிறது. பனகல் பூங்காவின் வெளிப்புறத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தாலே போதும்: வடக்கு தெற்காக உஸ்மான் சாலை, கிழக்கே தியாகராய சாலை, வடகிழக்கே ஜி.என். செட்டி சாலை, தென்கிழக்கே வெங்கடநாராயணா சாலை என எல்லாம் அந்த ஒரே மையத்தை நோக்கி வந்து சேர்வது புரியும்.

புதிய ஊருக்குப் புதிய பெயர் தேவைப்பட்டது. பழைய ஊர்களுக்குப் பெயர் தானாக அமைந்துவிடும். கடற்கரைக்கு அருகே 1516-ல் போர்ச்சுகீசியர் ஒளி அன்னைக்குக் கட்டிய கோயிலால் மயிலாப்பூரின் ஒரு பகுதி லஸ் ஆனது. யாரும் ஆணை போட்டு அந்தப் பெயரை வைக்கவில்லை. மாம்பலம் திட்டத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது. மனை விற்பதற்கு முன்பே தெருவுக்குப் பெயர் இருந்தாக வேண்டும். பெயரிடும் அதிகாரம் அப்போது யார் கையில் இருந்தது என்பதைப் பார்த்தால் தியாகராய நகரின் பெயர்க்கதை முழுவதும் விளங்கிவிடும்.

மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின்படி 1920-ல் மாகாணத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் புறக்கணித்த அந்தத் தேர்தலில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது நீதிக்கட்சி வென்றது. 1916-ல் சர் பிட்டி தியாகராயச் செட்டி, டாக்டர் டி.எம். நாயர் முதலியோர் தொடங்கிய கட்சி அது. ஆளுநர் வெலிங்டன், அமைச்சரவை அமைக்கும்படி தியாகராயரைத்தான் அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். கட்சித் தலைமையே போதும் என்று சொல்லி, கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியாரை முதலமைச்சராக்கினார். 1921-ல் அவருக்குப் பின் பனகல் அரசர் பொறுப்பேற்று 1926 வரை ஆண்டார். ஏரி ஊராக மாறிய ஆண்டுகள் அவருடைய ஆட்சிக்காலம்தான்.

தியாகராயர் 1852-ல் பிறந்தவர். தெலுங்கு பேசும் தேவாங்க நெசவாளர் குடும்பம். 'பிட்டி' என்பது வீட்டுப்பெயர். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, நெசவுத் தொழிலும் வணிகமும் நடத்தியவர். ஏறத்தாழ 40 ஆண்டு சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்தார். அதிகாரிகளே வகித்துவந்த மாநகராட்சித் தலைவர் பதவி, 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது. கிடைத்தவர் அவர். 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு கொடுக்கும் திட்டத்தை அவர் காலத்து மாநகராட்சி தொடங்கியது. தமிழகப் பள்ளிகளில் பிற்காலத்தில் பரவிய உணவுத் திட்டங்களின் வரலாறு எழுதுவோர் எல்லோரும் அந்தப் பள்ளியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்நேரமும் வெள்ளாடையில் இருந்ததால் வெள்ளுடை வேந்தர் என்று பெயர் பெற்றார்.

மயிலாப்பூருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு ஒன்றைத் திராவிட இயக்க வரலாற்று நூல்கள் தவறாமல் பேசும். கபாலீசுவரர் கோயில் குடமுழுக்குக்குப் பெருந்தொகை கொடுத்த அவருக்கு, விழா மேடையில் இடம் தரப்படவில்லை. அவரிடம் வேலை பார்த்தவர்கள் சாதியால் மேலே இருந்தார்கள், பணம் கொடுத்தவர் கீழே இருந்தார் என்பது அந்தச் செய்தி. அந்த மனப்புண் கட்சி பிறக்க ஒரு காரணம் என்று அந்நூல்கள் கருதுகின்றன. மயிலாப்பூர்க் கோயிலிலிருந்து பனகல் பூங்கா அதிகத் தொலைவில் இல்லை. மயிலாப்பூர் ஏரி என்று பெயர் பெற்றிருந்த நிலத்திலேயே அவர் பெயரில் ஒரு நகர் எழுந்தது என்பதை அறிந்தவர்க்கு இந்தச் செய்தி வேறு பொருளோடு கேட்கும்.

தியாகராயர் வடசென்னைக்காரர். வண்ணாரப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் அவருடைய வட்டாரம். அவர் பெயரில் இயங்கும் கல்லூரி இன்றும் பழைய வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறது. தெற்கே, அவர் வாழாத ஒரு பக்கத்தில், அவர் பெயரில் ஒரு நகர் எழுந்தது. அது முழுதாகக் குடியேறி வளர்வதைக் காணும் முன்பே 1925-ல் அவர் மறைந்தார்.

ஊருக்குத் தலைவர் பெயர் கிடைத்தபின் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் தோழர்களின் பெயர்கள் கிடைத்தன. மையப் பூங்கா பனகல் அரசருக்கு. காளத்தியைச் சேர்ந்த பி. ராமராயநிங்கார் என்பதே அவருடைய இயற்பெயர். பனகல் என்பது அரசப் பட்டத்தோடு வந்த ஊர்ப்பெயர். அவருடைய சிலையும் பூங்காவில் இருக்கிறது. நீளமான உஸ்மான் சாலை சர் முகமது உஸ்மானுக்கு. யுனானி மருத்துவராகிய அவர் 1924, 1925 ஆண்டுகளில், அதாவது ஏரி நிலம் மனையாகிக்கொண்டிருந்த நேரத்தில், மாநகராட்சித் தலைவர். 1934-ல் மூன்று மாதம் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். ஜி.என். செட்டி சாலை, மாநகராட்சித் தலைமையில் இருந்த கோபதி நாராயணசாமி செட்டிக்கு. ஹபிபுல்லா சாலை, மாகாண ஆளுநரின் நிர்வாகக் குழுவிலும் பின்னர் வைஸ்ராயின் குழுவிலும் இருந்து, திருவாங்கூர் திவானாகவும் பணியாற்றிய சர் முகமது ஹபிபுல்லாவுக்கு. தணிகாசலம் சாலை, நீதிக்கட்சியின் ஓ. தணிகாசலம் செட்டியாருக்கு. அதிகாரிகளும் விடுபடவில்லை. தியாகராயருக்கு முன் மாநகராட்சிக்குத் தலைமை ஏற்ற ஜே.சி. மலோனிக்கு ஒரு சாலை, ஐ.சி.எஸ். அதிகாரி ஜார்ஜ் போக் பெயரில் இன்னொன்று.

இந்த ஊரின் பெயர்களில் மூன்றை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: தியாகராயர், நாயர், நடேசன். கட்சி தொடங்கும் முன் தியாகராயரும் டாக்டர் நாயரும் மாநகராட்சி மன்றத்தில் நேர் எதிர் அணியில் நின்றவர்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்துக்குத் தண்ணீர் விடுவது பற்றிய தகராறு அவர்களுக்கு இடையே பெரிய மனக்கசப்பை உண்டாக்கியது; நாயர் மன்றத்திலிருந்தே விலகினார். அந்த இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் சி. நடேச முதலியார். 1912-ல் சென்னை திராவிடர் சங்கம் நிறுவியவர். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் திருவல்லிக்கேணியில் விடுதி நடத்தியவர். நாயர் 1919-ல் லண்டனில் இறந்தார்; நடேசனார் 1937-ல் மறைந்தார். தியாகராய சாலை, நாயர் சாலை, நடேசன் பூங்கா மூன்றும் ஒருவர் நடந்தே போய்வரும் தொலைவில் இருக்கின்றன. பிரிந்து நின்ற இருவரும் அவர்களைச் சேர்த்துவைத்த மூன்றாமவரும் ஒரே வரைபடத்தில் இடம்பெற்ற ஊர் சென்னையில் வேறு இல்லை. வரலாறு தெரிந்தவருக்கு இந்த வட்டாரம் நீதிக்கட்சியின் உறுப்பினர் பதிவேடு போலவே தோன்றும்.

பாண்டி பஜாரின் கதை சற்றுப் பின்னால் வருவது. அந்தக் கடைத்தெரு அமைந்திருப்பது தியாகராய சாலையில். பெயர்க்காரணம் பற்றி இரண்டு செய்திகள் வழங்குகின்றன. புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவர் அங்கே கடைகள் கட்டியதால் அந்தப் பெயர் என்பது ஒன்று. இன்னொன்று, ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனாரின் பெயரே பாண்டியன் என்று குறுகி, பிறகு பாண்டி என்று தேய்ந்தது என்பது. அரசும் மாநகராட்சியும் இரண்டாவதையே ஏற்று, சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று பெயர் எழுதிவைத்தன. சுயமரியாதை இயக்கத்தார் அவரைப் பாண்டியன் என்றே குறிப்பிட்டதையும் சுற்றியுள்ள தெருப்பெயர்களையும் பார்த்தால் அந்த முடிவுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

சௌந்தரபாண்டியனார் (1893–1953) இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்தவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினர். பின்பு இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவர். பேருந்தில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த முதலாளிகளுக்கு எதிராக அந்தப் பதவியைப் பயன்படுத்தினார் என்பது அவருக்கு நிலைத்த புகழ். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் அவர்தான். பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடக் கூடாது என்று அந்த மாநாடு தீர்மானித்தது. செட்டி, முதலியார், நாயர் என்று பட்டங்களோடு தெருக்கள் பெயர் பெற்றிருந்த ஒரு நகரில், பட்டத்தைத் துறந்தவர் பெயரால் கடைத்தெரு வந்து அமைந்தது. நீதிக்கட்சியின் தலைமுறைக்கும் அடுத்து வந்த சுயமரியாதைத் தலைமுறைக்கும் இடையே இருந்த வேறுபாடு தெருப்பலகைகளிலேயே தெரிகிறது.

இவ்வளவு பெயர்கள் வந்தும் மாம்பலம் போகவில்லை. 'மகா வில்வ அம்பலம்' மருவி மாம்பலம் ஆனது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்; மாமரத்தோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு. எதுவானாலும் அது புதிய நகரைவிடப் பல தலைமுறை மூத்த பெயர். அதைக் காப்பாற்றியது ரயில்வே. 1931 மே மாதம் தென்னிந்திய ரயில்வே, கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை ஓடவிட்டது. ஜார்ஜ் டவுன் அலுவலகத்துக்கும் கோட்டைக்கும் போகிறவர், ஏரி நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் உறுதிப்பட்டது. நிலையத்தின் பெயர் மாம்பலம் என்றே இருந்தது, இன்றும் இருக்கிறது. தண்டவாளத்துக்கு மேற்கே உள்ள பழைய கிராமப் பகுதி மேற்கு மாம்பலம் எனப்பட்டது. கிழக்கு மாம்பலம் என்று ஒன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் தியாகராய நகர் நிற்கிறது. நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் குறுகலான ரங்கநாதன் தெரு, ரயிலில் இறங்கிய கூட்டத்தை நம்பியே கடைத்தெருவாயிற்று. காஞ்சிபுரத்து நல்லி சின்னசாமி செட்டி 1928-ல் தொடங்கிய பட்டுக்கடையும் இந்த வட்டாரத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. குடியிருப்புக்காக வரைந்த ஊர் வணிகத்தின் தலைநகரானதற்கு, அகலமான சாலைகளும் அருகிலேயே ரயில் நிலையமும் வாய்த்ததே முதற்காரணம்.

தியாகராயர் தியாகராஜர் ஆன கதைக்கும் காரணம் இருக்கிறது. திரைப்பட நடிகரும் பாடகருமான சித்தூர் வி. நாகையா 1940களில் இங்கே தியாக பிரம்ம கான சபாவையும் அதற்கான வாணி மகாலையும் உருவாக்கினார். 1946-ல் வெளிவந்த 'தியாகய்யா' படத்தில் அந்த வாக்கேயக்காரராகவே நடித்தார். அவர் எழுப்பிய அரங்கம் அமைந்திருப்பது ஜி.என். செட்டி சாலையில். அதே சாலையில் மாநகராட்சியின் சர் பிட்டி தியாகராயர் அரங்கமும் இருக்கிறது. ஒரே சாலையில் தியாகராஜர் பெயரில் ஒரு சபா, தியாகராயர் பெயரில் ஒரு மன்றம். மார்கழியில் கச்சேரி கேட்க வருபவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் பெயரின் உரிமை யாருடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஓரணாவில் பிள்ளைகளுக்குச் சோறு போட வழிசெய்த ஒருவரை இந்த மயக்கத்தில் இழந்துவிடுவது பெரிய இழப்பு. பாடநூலிலும் பெயர்ப்பலகையிலும் முழுப்பெயரை எழுதுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

முதலெழுத்தால் ஊரை அழைக்கும் வழக்கம் இந்நகரிலிருந்து மற்ற நகர்களுக்கும் பரவியது. கலைஞர் கருணாநிதி நகர் கே.கே. நகர்; மகாகவி பாரதி நகர் எம்.கே.பி. நகர்; ராஜா அண்ணாமலைபுரம் ஆர்.ஏ. புரம். தியாகராய நகரை ஒட்டியே இருக்கும் சி.ஐ.டி. நகர் இவற்றிலும் விசித்திரமானது. அதில் மனிதர் பெயரே இல்லை. சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அரசு அமைப்பின் முதலெழுத்துகள் அவை. அந்த அமைப்பு 1961-ல் வீட்டுவசதி வாரியம் வந்ததும் மறைந்தது. அதன் பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் தங்கிவிட்டது. பக்கத்து நந்தனத்துக்கு, 1952-ல் பிறந்த தமிழ் ஆண்டாகிய நந்தனவின் பெயரை அப்போதைய முதலமைச்சர் ராஜாஜி வைத்தார் என்று சொல்வதுண்டு. கட்சித் தலைவர், அரசு அலுவலகம், பஞ்சாங்கம் என்று மூன்று வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்த மூன்று பெயர்கள், ஒரே பழைய ஏரியின் தென்பகுதியில் அடுத்தடுத்து இருக்கின்றன.

ஏரிக்கும் சில பெயர்கள் மிஞ்சின. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் உள்ளன. லேக் வியூ ரோடில் நின்றால் இன்று வீடுகள்தான் தெரியும். வடபகுதி ஏரி நிலம் தவணை தவணையாக மறைந்தது: 1925-ல் தொடங்கிய லயோலா கல்லூரிக்கு ஒரு பகுதி, குடியிருப்புகளுக்கு ஒரு பகுதி, கடைசியாக 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்துக்கு ஒரு பகுதி. பழைய நீரோட்டத்தின் சுவடாக மாம்பலம் கால்வாய் மட்டும் தியாகராய நகரின் ஊடாகவும் நந்தனம் வழியாகவும் சென்று அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பெருமழை பெய்தபோது உஸ்மான் சாலையும் ஜி.என். செட்டி சாலையும் நீரில் மூழ்கின. தண்ணீர் தான் தேங்கிய பள்ளத்தை அடையாளம் கண்டு வந்தது. அதைத் தாங்க வேண்டிய வடிகால்கள் போதவில்லை. இதே நகர் தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த காலமும் உண்டு. இங்கே நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரன், சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தை வைத்து எழுதிய நாவலுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். ஏரியை மூடிக் கட்டிய ஊருக்கு இரண்டு துன்பமும் வந்தன. ஏரிகளை வெறும் காலிமனையாகக் கண்ட அந்தக் காலத்துக் கணக்கில் இருந்த பிழை இது. பிற்காலத்து அரசுகள் அதைத் திருத்தாமல் தொடர்ந்தன என்பதுதான் வருத்தம்.

பெயர்கள் அதன்பிறகும் மாறின. 1970களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப்பட்டங்கள் நீக்கப்பட்டன. ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆயிற்று. செங்கற்பட்டு மாநாட்டுத் தீர்மானம் 50 ஆண்டு கழித்து, அதற்குத் தலைமை ஏற்றவர் பெயரில் உள்ள கடைத்தெருவின் பக்கத்துச் சாலையில் செயலுக்கு வந்தது. நோக்கம் நியாயமானது. ஆனால் பட்டம் போனபின் பலகையில் முதலெழுத்துகள் மட்டுமே மிஞ்சியதால், கோபதி நாராயணசாமி என்பவர் யார் என்று கேட்பவருக்கு அந்தச் சாலை பதில் சொல்வதில்லை. பட்டத்தை எடுத்த இடத்தில் முழுப்பெயரை எழுதியிருக்கலாம். போக் சாலை, அங்கே 'அன்னை இல்லம்' என்ற வீட்டில் வாழ்ந்த நடிகர் சிவாஜி கணேசனின் நினைவாகச் செவாலியே சிவாஜி கணேசன் சாலை ஆனது. திருமலைப்பிள்ளை சாலையில் காமராசர் குடியிருந்த வீடும், ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். இல்லமும் நினைவிடங்களாயின. தியாகராய சாலையின் கடைப்பகுதி 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று பலகையில் இருந்தாலும் மக்கள் அதைப் பாண்டி பஜார் என்றே சொல்கிறார்கள். பூங்காவுக்கு அடியில் வரும் மெட்ரோ நிலையத்துக்கும் பனகல் பூங்கா என்றே பெயர்.